சிவப்பு பல்பு

கச்சிராயபாளையம்
12.1.2025

அன்பு மருமகள் ஷாலினிக்கு,

இது இப்படித்தான் முடியும் என்று முன்னமே சொன்னவன் நான். செல்போன் இருக்கிற காலத்தில் எவனாவது பிலிமில் படம் எடுப்பானா? உன் அம்மாவை, என் அக்காவை, கல்வராயன் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிய அவசரத்தில் நீ இங்கே விட்டுப்போன சுருளைக் கூரியரில் அனுப்பச் சொன்னாய். எதற்கு வெளியாள்? கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் என் கை படாத கல்யாணப் படமே கிடையாது. ஒரு மந்திரியே என் தோளைத் தட்டியிருக்கிறார். உன் பையிலிருந்த மருந்துப் பொடியைக் கரைத்து நானே கழுவிவிட்டேன்.

இருட்டாக்கிய அறைக்குள் நான் கழுவிக்கொண்டிருக்க, உன் அத்தை கமலா கதவைத் தட்டினாள். "இன்னாய்யா, செத்தவங்க படத்த வெச்சிக்கினு வெளாடிக்கினு கீற? அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேளு."

"ஜாஸ்தி பேசாத. உனுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

சுருள் முழுக்கக் கருத்துவிட்டது. உன் கேமரா ஓட்டை. ஆனால் மருந்தில் கிடந்தபோது ஒரு படத்தில் அக்காவைப் பார்த்தேன். பல் தெரியச் சிரித்தாள். கொடுத்துவைத்தவள் நீ.

உன் மாமா,
வீரமணி

சென்னை
19.1.2025

மாமாவுக்கு,

சுருள் வந்தது. கேமரா ஓட்டையானால் அங்கங்கேதான் கருக்கும். இது நுனியிலிருந்து நுனிவரை ஒரே கறுப்பு. சிவப்பு பல்பு போட்டீர்களா? அது பிரிண்ட் போடும் காகிதத்துக்கு மட்டும்தான் ஆகும். மலை வீட்டு இருட்டுக்காக நான் போட்டது வேகமான பிலிம். துளி வெளிச்சத்தையும் குடித்துவிடும்.

என் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்ததிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மலை வீட்டில் அன்று மட்டும், "படம் எடுத்துக்கினு போ" என்று என் பக்கம் திரும்பினார். பட்டனை அழுத்தும் நொடியில் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற துளை எனக்கு இருண்டுவிடும். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

சிரித்தது எத்தனையாவது படம், மாமா? கறுப்பைக் கொஞ்சம் கரைத்துப் பார்க்கலாம் என்று லேப்பில் சொல்கிறார்கள். இடம் மட்டும் எழுதுங்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஷாலினி

கச்சிராயபாளையம்
27.1.2025

அன்பு மருமகளுக்கு,

நலம். காரியம் ஊரே மெச்ச நடந்தது. ஆதார் படத்தைப் பெரிசாக்கி மாலை போட்டோம். அதில் அக்கா உன்னைப் பார்க்கிற மாதிரியே முறைக்கிறாள்.

சிவப்பு பல்பு போட்டேன்தான். ஒன்று மங்கலாக இருக்கிறதென்று இரண்டு போட்டேன். ஸ்டுடியோவில் அது எரியாத நாளே கிடையாது. இதற்கெல்லாம் என்னிடம் கணக்குக் கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய்.

லேப்புக்கு அலையாதே. மருந்தில் போட்டதுமே முழுக்கக் கறுப்புதான். அக்கா சிரித்தது நான் சேர்த்து எழுதியது.

உன் மாமா,
வீரமணி