என் காயையும் நீயே நகர்த்து

அன்புள்ள தம்பிக்கு,

அறை அறையாக அளந்து வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து நாம் பேசுவதில்லை. ஆனாலும் தினமும் ஃபோனில் லூடோ ஆடுகிறோம். என் காயை வெட்டிவிட்டு நீ அனுப்பும் சிரிப்பு முகத்தைப் பார்த்துத்தான் நீ நலம் என்று தெரிந்துகொள்கிறேன்.

நேற்று உன் மஞ்சள் காயை என்னுடையது என்று நினைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். கழுத்துவலியும் கட்டைவிரல் வலியும் பழகிவிட்டன, கண்புரைதான் முற்றிவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன். உன் மகள் கல்லூரியில் முதலாவதாக வந்ததை டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். "முதல்ல கண்ணை நல்லா திறங்க டீச்சர், அப்புறம் பீத்திக்கலாம்" என்றார்.

கொஞ்ச நாள் ஃபோனைத் தொடக் கூடாதாம். நான் ஆடாவிட்டால் கோபம் என்று நினைத்துவிடாதே. பதில் தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். நாம் இருவரும் அப்படித்தான் இருக்கிறோம். எனக்கு அலுத்துவிட்டது, தம்பி.

ஆட்டத்தைப் பாதியில் விட மனமில்லை. முடிந்தால் நேரில் வா. ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்று மங்கல் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு என்ன விழுந்தது என்று நீ சொல். என் காயையும் நீயே நகர்த்து. நான் எண்ணிப் பார்க்க மாட்டேன்.

உன் அக்கா