என் பெயரில் நீங்கள் எழுதிய பதினோரு பதிவுகள்

என்னைவிட அதிகமாக என் பெயரில் எழுதிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. அம்மா நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் அவ்வளவு நலம் இல்லை. காலை எட்டு மணியானால் இன்னும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். அந்த நேரத்தில் நீங்கள் உட்கார்ந்து எழுதுவீர்கள் அல்லவா?

இந்தக் கடிதத்தை ஸ்ரீரங்கம் வேதவல்லி மாமியின் தளத்தில் எழுதுகிறேன். நீங்கள் கடைசியாக விருந்தினர் பதிவு எழுதிய அதே தளம். மாமியின் சமையல் குறிப்புகளைப் படிக்க வருகிறவர்கள் இதையும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வயலினோடு வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நானே மெட்டமைத்து, எடமலைப்பட்டி புதூர் வீட்டின் பின்னறையில் பதிவு செய்து, இணையத்தில் என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஒன்பது பேர் வருவார்கள். அதில் நாலு பேர் நம் சொந்தக்காரர்கள், ஒருவர் நீங்கள்.

நீங்கள் துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் முப்பது வருடம் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புத் துண்டுகளை அளந்து, சரியாக இருந்தால் அனுப்பி, பிசகியிருந்தால் சிவப்புப் பெயின்ட் தொட்டு ஒதுக்கி வைத்த கை. ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றுமில்லாமல் என் பக்கத்துக்கு வருகிறவர்களை எண்ண ஆரம்பித்தீர்கள். ஒருநாள் செல்போனைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தீர்கள்.

"மலர், இதைப் பாத்தியா? நம்ம பக்கத்துக்கு ஆள் வரலன்னா, ஆள் இருக்கற எடத்துக்கு நாம போகணுமாம். அடுத்தவங்க தளத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுத்தா, அடியில நம்ம பேரும் இணைப்பும் போடுவாங்களாம். அதைத் தொட்டா நேரா உன் பாட்டுக்கு வந்துடுவாங்க."

"எனக்கு எழுதல்லாம் வராதுப்பா. நீங்களே எழுதிப் போடுங்க."

நான் விளையாட்டுக்குச் சொன்னேன். நீங்கள் மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

உங்கள் பெயரிலேயே எழுதலாமே என்று அம்மா கேட்டாள். "எம் பேரைப் போட்டா எவன் படிப்பான்? வாசிக்கறது அவ, இணைப்பு அவளோடது, பேரும் அவளோடதா இருக்கணும்" என்றீர்கள். எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. யாரோ எழுதுகிறார்கள், ஆள் வந்தால் சரி என்று நினைத்தேன்.

இசைக்காரர்களின் தளம் ஒன்றுக்குக்கூட நீங்கள் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். மாடித்தோட்டம், சமையல், ரயில் பயணம், கைக்குழந்தை வளர்ப்பு என்றுதான் போனீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "பாட்டுக்காரங்க படிச்சா குத்தம்தான் கண்டுபிடிப்பாங்க. வெங்காயம் நறுக்கறவங்களுக்குக் கைதான் வேலையா இருக்கும், காது சும்மாதானே இருக்கு?" என்றீர்கள். நான் சிரித்தேன். ஆனால் அது சரியாகத்தான் இருந்தது. கறிவேப்பிலைச் செடியில் இலை சுருண்டால் என்ன செய்வது என்று நீங்கள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஒரே வாரத்தில் முந்நூறு பேர் என் வயலினைக் கேட்க வந்தார்கள்.

விருந்தாளியாகப் போகிறவன் வெறும் கையோடு போகக்கூடாது என்பீர்கள். அந்த வீட்டுக்காரருக்குப் பயன்படுகிற விஷயம் முதலில், நம் பெருமை கடைசி வரியில், அதுவும் ஒரே ஒரு இணைப்பு. இரண்டு போட்டால் பிச்சை கேட்பதுபோல் இருக்கும் என்று சொல்வீர்கள். எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினீர்கள்.

பிசகும் செய்தீர்கள். முப்பத்திரண்டு வயதுப் பெண் எழுதுவதாக நினைத்துக்கொண்டே, மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று எழுதிவிட்டீர்கள். கீழே கருத்துப் பெட்டியில் பத்துப் பேர் தைலம் சொன்னார்கள். நீங்களும் விடாமல், "நன்றி சகோதரி, தேய்த்தேன், நல்ல குணம் தெரிகிறது" என்று என் பெயரில் பதில் போட்டீர்கள். கே.கே. நகரில் ஒரு வீட்டு விசேஷத்தில் வாசித்து முடித்து இறங்குகிறேன், ஒரு அம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "முட்டி இப்ப எப்படிம்மா இருக்கு? சின்ன வயசுல இப்படி வரலாமா?" என்று கேட்டார். பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நொண்டி நடந்தேன். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதில் எதையும் நான் படிக்கவில்லை, அப்பா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒவ்வொரு பதிவையும் அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசை ஓரத்தில் வைப்பீர்கள். "அனுப்பட்டுமா?" என்பீர்கள். காதில் ஹெட்போன் மாட்டியபடியே நான் தலையாட்டுவேன். பிறகு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும் பார்ப்பேன்.

பதினோராவது பதிவுக்கு மட்டும் நீங்கள் நகராமல் நின்றீர்கள்.

"இதை மட்டும் ஒரு தடவை படிச்சுடேம்மா."

"நேரமில்லப்பா. நீங்க போடுங்க, நல்லாத்தான் இருக்கும்."

"இல்ல, மாமி தளத்துக்கு எழுதினது. உம் பேர்ல போகுது. நீ பாத்துட்டா நல்லது."

"அப்பா, ப்ளீஸ்."

தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்கு அடுத்த வாரங்களில் மூன்று நாலு தடவை, "மாமி தளத்துல இருந்து யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டீர்கள். வந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சொன்னேன். ம் என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனீர்கள். நீங்கள் எண்ணிக்கையைக் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு ஏன் தெரியவில்லை?

பிறகு சில மாதம் கழித்து ஒரு காலை நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தீர்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் கழிந்து மாமி போன் செய்தார். "என்னம்மா பண்றது, பெருமாள் சங்கல்பம். உங்க அப்பாவைப் பத்தி நீ எழுதினியே, அதை இன்னிக்கு மறுபடி எடுத்துப் படிச்சேன். என்னால தாங்கலை. அவர் இருக்கறச்சேயே எழுதினியே, அது பெரிய புண்ணியம்மா" என்றார்.

"ஆமா மாமி" என்றேன். போனை வைத்துவிட்டு உங்கள் பதிவைத் தேடி எடுத்தேன்.

அப்பா, நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது நீங்கள் என் வயலினை எடுத்துப் பரணில் போட்டதை நாம் வீட்டில் பேசுவதே இல்லை. பரீட்சை முடியும்வரை என்றீர்கள். இரண்டு வருடம். திருச்சி வெயிலில் மேல்தளம் காய்ந்த காய்ச்சலில் பசை விட்டுப்போய், கீழே இறக்கும்போது அதன் மேல்பலகை வாய் பிளந்திருந்தது. அந்த வயதில் விரலுக்குப் படியவேண்டியது எனக்குப் படியவே இல்லை. இன்றைக்கும் வேகமான இடங்களில் என் நாலாவது விரல் தடுமாறும். ஒவ்வொரு தடவை தடுமாறும்போதும் நான் உங்களைத்தான் நினைத்துக்கொள்வேன், அன்பாக அல்ல. ஒரே ஒரு சண்டையில், "நீங்க பறிச்ச ரெண்டு வருஷத்தைத் திருப்பிக் குடுங்க" என்று கத்தியிருக்கிறேன். நீங்கள் பதில் பேசவில்லை.

பதில் மாமியின் தளத்தில் இருந்தது. என் பெயரில், என் குரலில் எழுதியிருந்தீர்கள்:

"என் அப்பா தர ஆய்வாளர். பிழையான பொருளை ஒதுக்கி வைப்பது அவர் வேலை. என் வயலினையும் அப்படித்தான் ஒதுக்கி வைத்தார். அதில் பிழை இல்லை. அவர் அளந்ததுதான் பிழை. இதை அவர் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். வருத்தப்படுகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குத் தெரியும் என்று நீங்கள் எப்படி எழுதலாம்? எனக்கு எங்கே தெரியும்? மன்னிப்புக் கேட்க என் வாயையா கடன் வாங்குவீர்கள்? நேராக வந்து, தப்பு பண்ணிட்டேம்மா என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்திருக்கும்? அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். அதை எழுத அவருக்கு ஒரு மாசம் ஆச்சுடி. எழுதுவாரு, அழிப்பாரு. உங்கிட்ட படிக்கக் குடுத்தேன்னு சொன்னாரே?"

கொடுத்தீர்கள். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

அழுது முடித்துப் பதிவின் அடிவரை போனேன். இருபது பேருக்கு மேல் கருத்து எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் அன்றன்றே பதில் போட்டிருந்தீர்கள். ஒருவரைத் தவிர. யாரோ ஒரு பெண் ஒரே வரி கேட்டிருந்தார்: "உங்கள் அப்பாவை மன்னித்துவிட்டீர்களா, மலர்விழி?" அதற்குக் கீழே வெறுமையாக இருந்தது. முட்டி வலிக்குக்கூட என் பெயரில் பதில் சொன்ன நீங்கள், அந்தக் கேள்வியை மட்டும் தொடவில்லை. அதை எனக்காக விட்டு வைத்தீர்கள். எட்டு மாதம் அது அங்கேயே கிடந்திருக்கிறது.

மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். சித்திரை வீதியில் மாமியின் வீட்டில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அப்போ அந்த முருங்கைக்கீரைப் பொரியல் பத்தி எங்கிட்ட மெயில்ல சண்டை போட்டது?"

"அதுவும் அப்பாதான் மாமி."

"நான் உன்னைக் கெட்டிக்காரின்னு நெனச்சுண்டிருந்தேன்" என்று சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பத்துக்கும் பேரை மாத்தச் சொல்லி அந்தந்தத் தளத்துக்கு நீயே எழுதிக் கேளு. ஆனா எங்கிட்ட இருக்கறதை என்ன பண்றது? அதுல அவர் பேரைப் போட்டா, என் அப்பான்னு யாரைச் சொல்றார்னு ஆயிடுமே. எடுத்துடட்டுமா? யோசிச்சுச் சொல்லு."

பத்துத் தளங்களுக்கும் எழுதினேன். ஏழு பேர் உங்கள் பெயரைப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. கறிவேப்பிலைக்காரர் கோபித்துக்கொண்டு பதிவையே எடுத்துவிட்டார். ஏமாற்றிவிட்டீர்களே என்று சில வாசகர்கள் எனக்கு எழுதினார்கள், அவர்கள் சொல்வதில் தப்பில்லை. என் பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நீங்கள் இருந்தால் துடித்துப்போயிருப்பீர்கள். எனக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை, நம்புங்கள்.

மாமியின் தளத்தில் இருப்பதை மட்டும் ஒரு வாரம் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு எழுத்தை மாற்றலாமா என்று பார்த்தேன், மாற்றத் தோன்றவில்லை. எடுக்க வேண்டாம் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். அது என் பெயரிலேயே இருக்கட்டும். நீங்கள் எழுதும்போது அது பொய்யாக இருந்தது. இப்போது இல்லை.

நீங்கள் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும், அப்பா. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே, அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு அம்மா டிவி சத்தத்தைக் குறைத்ததும் உங்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் கேள்விக்குக் கீழே எழுதினேன்: "மன்னித்துவிட்டேன். அவர் கையில் தாளோடு நின்றபோது நான் படிக்கவில்லை. அதற்கு அவர்தான் என்னை மன்னிக்க வேண்டும்." அம்மா பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "அனுப்பு" என்றாள்.

இந்தப் பதிவின் அடியில் ஒரு இணைப்பு போட்டுக்கொள்ள மாமி அனுமதித்திருக்கிறார். அது என் வயலினுக்குப் போகாது. உங்கள் பெயரோடு நிற்கும் அந்த ஏழு பதிவுகளையும் ஒரு பக்கத்தில் சேர்த்திருக்கிறேன், அங்கே போகும். அவற்றுக்கு இன்னமும் கேள்விகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. செடியைப் பற்றி, ரயிலைப் பற்றி, இரவில் தூங்காத குழந்தையைப் பற்றி. ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்து, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றன்றே பதில் போடுவேன். கடைசிவரை போடுவேன், அப்பா. உங்கள் பெயரில் அல்ல, உங்கள் மகள் என்று சொல்லி.

இதை அனுப்பட்டுமா?

நீங்கள் எழுதியதைத் தாமதமாகப் படித்த
உங்கள் மகள்
மலர்விழி