அமாவாசைக்கு லீவு, பௌர்ணமிக்கு லீவு

ஞாயிறு. நாளை அமாவாசை.

காலையிலிருந்தே புழுக்கம். பொன்னேரி முழுக்க வயலுக்கு மருந்தடித்த வாடை. கம்பெனி யோகா மேட்களை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்தேன். தேர்வாய் கண்டிகையில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு நான் யோகா மிஸ்.

மேட் எல்லாம் தலைமாட்டில் எச்சில் கறை. யோகாவில் எச்சில் எப்படி வடியும்? இரண்டு தடவை சோப்பு போட்டும் போகவில்லை. கை முழுக்க அந்த வாடை. சீ.

வகுப்பு கேன்டீன் தரையில். மதியம் எல்லாரும் சாப்பிட்டு, சிந்தி, நாலு மணி வகுப்புக்கு முன் அதன்மேல் ஃபினாயில். மூச்சை நன்றாக இழுங்கள் என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

வாங்க: பச்சைப்பயறு, துணி சோப்பு, கிராம்பு (பல் வலி).

நாளை வகுப்பு இல்லை. அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாளும் ஆசனம் கிடையாது. செவ்வாப்பேட்டை மாஸ்டரிடம் கற்றது. நிலா கடலையே இழுக்கிறது, உடம்பு எம்மாத்திரம் என்பார். பௌர்ணமியில் உடம்பு துள்ளும், அளவு தெரியாமல் அடிபடும். அமாவாசையில் ஒடுங்கிவிடும். இரண்டுக்கும் மருந்து ஓய்வு. வேலைக்குச் சேரும்போதே எச்.ஆர். பிரவீனிடம் சொல்லிவிட்டேன். "சூப்பர் மேடம், ட்ரெடிஷனல்" என்றான். அவனுக்கு எல்லாமே சூப்பர்.

திங்கள். அமாவாசை.

காலையிலேயே பிரவீன் போன். "மேடம், ஹெட் ஆபீஸ்ல போட்டோ கேக்கறாங்க. க்ளாஸ் வேணாம், சும்மா ஒரு போஸ் குடுத்துட்டுப் போயிடுங்க."

போஸும் ஆசனம்தான் என்றேன்.

"அப்ப கை மட்டும் கூப்பிக்கலாம் மேடம்."

போனேன். போயிருக்கக் கூடாது. இல்லை, போனது நல்லது. தெரியவில்லை.

கேட்டில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். குங்குமத் தண்ணீர், ஈ, லாரி டயரில் ஒட்டிய சதை. செருப்பு வழுக்கியது. உள்ளே மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. எல்லா மெஷினையும் நிறுத்திக் கற்பூரம் காட்டினார்களாம். மெஷினுக்கு அமாவாசை உண்டு.

நாலு மணி. வழக்கமாக என் பெண்கள் கேன்டீனுக்கு வரும் நேரம். இன்று லைனிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வருமாம். சாப்பாட்டுக்கும் டீக்கும் உட்காரலாம், அதைவிட்டால் என் அரை மணி நேரம். அதுவும் இல்லையென்றால் நிற்க வேண்டியதுதான். வகுப்பு இல்லாத நாளில் அவர்களுக்கும் ஓய்வு என்று நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாரையும் கேட்டதில்லை.

கங்கா, பழவேற்காட்டுப் பெண், வகுப்பில் முன் வரிசை, எப்போதும் பல்லைக் காட்டுவாள். இன்று முகம் கொடுக்கவில்லை. ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் ஏற்றி நின்றாள், பிறகு மாற்றினாள்.

"என்ன கங்கா, பேச மாட்டியா?"

"இன்னாத்த பேசறது மிஸ். உங்களுக்கு லீவு. நாங்க நின்னுகினு கீறோம்."

"அமாவாசைல உடம்புக்கு ரெஸ்ட் குடுக்கணும், அதான்..."

"யாரு உடம்புக்கு?"

அதோடு சரி. ஒயர் பக்கம் திரும்பிவிட்டாள். நான் கைகூப்பிப் போட்டோவுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பிரவீன் போனில் அனுப்பியிருக்கிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

புதன்.

இன்று நான் ஆசனத்தைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். சூரிய நமஸ்காரத்தில் ஒருத்திக்கும் மனசு இல்லை. குனி என்றால் குனிகிறார்கள், கண் கடிகாரத்தில். கடைசியில் சவாசனம், பிணம் போல அசையாமல் மல்லாந்து படுப்பது. ஐந்தே நிமிடம். "படுங்க" என்று நான் முடிப்பதற்குள் பொத்தென்று விழுகிறார்கள். வீங்கிய கணுக்காலில் சாக்ஸ் பதிந்த தடம். ஒருத்தி ஒருக்களித்து, வாயைத் திறந்து, குறட்டை.

எச்சில் கறை. புரிந்தது.

நான் பெருமைப்பட்ட ஆசனம் எல்லாம் இந்தப் படுக்கைக்காக அவர்கள் பொறுத்துக்கொண்டது. பிரவீன் காதருகில் வந்து, "யோகாவுக்கு அப்புறம் அவுட்புட் செமயா ஏறுது மேடம்" என்றான். பெப்பர்மின்ட் வாடை.

பல் வலி அப்படியே.

அடுத்த வாரம் வெள்ளி. ஏகாதசி.

மாஸ்டருக்கு போன் போட்டேன். பௌர்ணமியன்று வகுப்பு எடுக்கலாமா?

"கூடவே கூடாதும்மா. விதி விதிதான். என் பேரைக் கெடுத்துடாத."

அன்று அவர்கள் நிற்க வேண்டியிருக்கிறது என்றேன்.

"அது கம்பெனி பிரச்சினை."

சாயங்காலம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். வரும் செவ்வாய் ஏரிக்கரை ரிசார்ட்டில் 'பௌர்ணமி நிலவில் யோகா', மாஸ்டரே நேரில். முடிந்ததும் மீன் வறுவலோடு டின்னர். முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தேன். இந்த மனிதர் சொன்னார் என்று வருஷக்கணக்காக இந்த இரண்டு நாளும் ஒரு கையைத் தூக்கியதில்லை நான்.

ஆனால் விதி பொய் இல்லை. கற்ற புதிதில் ஒரு பௌர்ணமியில் வீம்புக்குச் செய்து இடுப்பு பிடித்துக்கொண்டது எனக்குத்தான். அன்று உடம்பு ஓய்வு கேட்கிறது. எந்த உடம்பும்.

ஞாயிறு.

மார்க்கெட். கத்திரிக்காயில் புழு. காய்க்காரியிடம் காட்டினேன். "புழு கீதுன்னா மருந்து அடிக்கலன்னு அர்த்தம்மா. நல்ல காயி" என்கிறாள். வாங்கிவந்து பாதியைக் கொட்டினேன்.

திங்கள்.

நாளை வகுப்பு உண்டு என்று பிரவீனிடம் சொன்னேன். "நாளைக்குப் பௌர்ணமியாச்சே மேடம், ட்ரெடிஷன்?" இதுவும் ட்ரெடிஷன்தான் என்றேன். "சூப்பர்."

செவ்வாய். பௌர்ணமி.

மேகமூட்டம், காற்று இல்லை. கேன்டீனில் முட்டை வாடை. பெண்கள் வந்து வரிசையாக நின்றார்கள், கையைத் தூக்கத் தயாராக.

"இன்னிக்கு ஒண்ணும் வேணாம். படுங்க. முழு நேரமும்."

ஒருத்தியும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "செக்கிங்கா மிஸ்?"

"இல்ல. பௌர்ணமி. உடம்புக்கு லீவு."

கங்காதான் முதலில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள், என்னைப் பார்த்தாள், படுத்தாள். அப்புறம் எல்லாரும். ஷூ வாடை கேன்டீனையே தூக்கியது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தமும் குறட்டையும்தான்.

பிரவீன் போனை நீட்டிக்கொண்டு வந்தான். "இன்னா மேடம், தூங்கறாங்க?"

"சவாசனம்."

"அரை மணியுமா?"

"அரை மணியும்."

முகம் சுருங்கியது. "படுக்கறதுக்கு எதுக்கு மேடம் ஒரு மிஸ்ஸு? அடுத்த மாசம் க்ளாஸ் வேணுமான்னு பேசிக்கலாம்." ஆனாலும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனான்.

பெல் அடித்தது. யாரும் எழவில்லை. லைன் சூப்பர்வைசர் கையைத் தட்டிக்கொண்டு வராந்தாவில் வருவது தெரிந்தது. கங்கா ஒருக்களித்திருந்தாள், கடைவாயிலிருந்து எச்சில், நான் துவைத்த மேட்டில். எழுப்ப வேண்டியது நான்.

போய்க் கேன்டீன் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.