ஆணி என்று சொன்னேன்

6 செப்டம்பர் 1948

வேளச்சேரி கருணாகர முதலியாரின் டிராக்டர் மறுபடி நம் கொட்டகைக்கு வந்திருக்கிறது. தானாக வரவில்லை. நாலு மாடு கட்டி இழுத்து வந்தார்கள். "நாப்பது மாட்டு வேலை செய்யும்னீங்களே முதலியாரே, இப்போ மாட்டுக்கு வேலை வெக்குதே?" என்றேன். என்னோடு ரிப்பேர் பார்க்கிற கரீம் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். முதலியார் சிரிக்கவில்லை. மழைக்கு முன்னே பன்னிரண்டு காணி உழுதாக வேண்டுமாம்.

நானும் சிரித்தேன். பிறகு பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அதே வண்டி. மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

7 செப்டம்பர்

கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினோம். வெள்ளைப் புகை. மூன்று அடி அடிக்கிறது, நான்காவதை விழுங்கிவிடுகிறது. மறுபடி மூன்று. அந்த இடைவெளியில் யாரோ மூச்சு இழுப்பது போல இருக்கிறது.

கரீம் பாய் ஓடுகிற இன்ஜினிலேயே டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் உடனே தடுமாறும். நான்காவதைத் தளர்த்தினார். ஒரு மாற்றமும் இல்லை. மார்ச்சில் செத்ததும் நான்காவதுதான்.

"நாசிலைக் கழட்டட்டா நைனா?" என்றார். டீசலைப் பீய்ச்சுகிற மூக்கு அது.

நாளை மறுநாள் பார்க்கலாம் என்றேன்.

"மணி பத்துகூட ஆவலியே! இன்னா, உடம்பு சரியில்லையா?"

"உன் மூஞ்சியை இவ்ளோ நேரம் பாத்தா எவனுக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தே சாந்தோம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

8 செப்டம்பர்

மாதா திருநாள். வேலை இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்தேன். பீடி குடித்தது, என் வீட்டுக்காரி பியாட்ரிஸைக் கிழவி என்று கேலி செய்தது, எல்லாம் சொன்னேன். சாமியார், "வேறே?" என்றார்.

வேறே இல்லை சாமி.

ஆறு மாதமாக இதே பதில்.

9 செப்டம்பர்

முத்தம்மா இன்றும் ஆணி பொறுக்கினாள்.

எங்களோடு வேலை செய்த இசக்கிமுத்துவின் பெண்சாதி. தினமும் இட்லிக் கூடையோடு வருவாள். கூடையை இறக்குமுன் கொட்டகைத் தரை முழுதும் குனிந்து பார்ப்பாள். ஆணி, கம்பித்துண்டு, எது கிடந்தாலும் எடுத்து டப்பாவில் போடுவாள். "அவருக்கு ஆனாப்போல இன்னொருத்தனுக்கு ஆவக்கூடாதுண்ணா." புருஷனைக் கொன்றது ஆணி என்று நம்புகிறாள்.

முன்பெல்லாம், "அடையாத்துப் பாலத்துக்குக் கல்லு பத்தலியாம், உன் இட்லியைக் கேக்கறாங்க" என்பேன். அவள் கரண்டியை ஓங்குவாள். இசக்கி சிரிப்பான். இன்று இட்லியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

10 செப்டம்பர்

எழுதிவிடுகிறேன். ஐந்தாவதோடு நின்ற எழுத்து, தப்பிருந்தால் இருக்கட்டும்.

மார்ச்சில் இதே வண்டி, இதே கோளாறு. இசக்கி வடிகட்டியின் திருகைத் திறந்தான். டீசலோடு குமிழி வந்தது. "ஓய் பவுலு, எங்கயோ காத்து இழுக்குது வே" என்றான். நான், "தாமிரபரணித் தண்ணி குடிச்சவனுக்குக் காத்துகூடக் கண்ணுல தெரியுமோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நாசில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அதைக் கழற்றி, வெளியே பார்க்கத் திருப்பிக் குழாயில் மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றினது நான்.

"பன்னீர் தெளிக்கறாங்க மாப்ளே, விரலை நீட்டு" என்றேன்.

நீட்டினான். நான் சொன்னதால்தான் நீட்டினான்.

டீசல் பீய்ச்சின இடத்தில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. "கொசு கடிச்சுதா, அழுவாதே" என்றேன். சாயங்காலம் விரல் வீங்கிப் போச்சு. மறுநாள் கறுத்துப் போச்சு. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன குத்தியது என்று கேட்டார். இசக்கிக்கு ஜுரத்தில் நினைவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

ஆணி என்றேன்.

ஏன் சொன்னேன்? டீசல் உள்ளே போயிருக்கு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கீறிவிட்டிருப்பாரோ? விரலை எடுத்தார்கள். கையை எடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் போய்விட்டான்.

11 செப்டம்பர்

நாசிலைத் தொடவில்லை. வடிகட்டியின் திருகைத் திறந்தேன். குமிழி, குமிழியாக வந்தது. டாங்கியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டாகப் பிரித்தேன். பம்புக்கு முந்தின மூட்டில் செம்பு வாஷர், மயிரிழை விரிசல். ஒரு சொட்டு வெளியே கசியாது. காற்றை மட்டும் உள்ளே இழுக்கும்.

புது வாஷர் போட்டுக் காற்றை வெளியேற்றினேன். நாலும் அடித்தது.

மார்ச்சிலும் இதுதான். குழாய்களைப் பிரித்து மாட்டும்போது காற்று போய்விட்டது, வண்டி ஓடியது. நாசிலைச் சரி செய்தேன் என்று நான் மார் தட்டினேன். நாசிலுக்கு ஒன்றுமே இல்லை.

அவன் சரியாகச் சொன்னான்.

13 செப்டம்பர்

முத்தம்மா குனிந்து ஒரு ஆணியை எடுத்தாள்.

"அவனைக் குத்தினது ஆணி இல்ல முத்தம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கரீம் பாய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் அழவில்லை. "காட்டு" என்றாள்.

நாசிலைக் கழற்றி வெளியே திருப்பி மாட்டினேன். இட்லி சுற்றுகிற பழைய பேப்பரை எட்டக் கைநீட்டி அதன் முன்னே பிடித்தேன். பாய் சுற்றினார். புஸ்ஸென்று ஒரு சத்தம், பேப்பரில் ஓட்டை.

"இன்னொரு வாட்டி."

மூன்று வாட்டி.

"காத்துன்னு அவரு சொன்னாரா?"

"சொன்னான்."

"நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

பேப்பரை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடையை விட்டுவிட்டே போய்விட்டாள். நானும் பாயும் அன்று சாப்பிடவில்லை.

15 செப்டம்பர்

முதலியார் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். "பலே பவுல்சாமி!" என்று முதுகில் தட்டினார்.

18 செப்டம்பர்

சாமியாரிடம் சொன்னேன். வெளியே வரும்போது லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

முத்தம்மா வரவில்லை. கூடை மேசைமேல் இருக்கிறது.

27 செப்டம்பர்

வந்தாள். பாய்க்கு இட்லி வைத்தாள். எனக்கும் வைத்தாள், ஆனால் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்தாள். அண்ணா என்று கூப்பிடவில்லை. என் காலடியில் ஒரு ஆணி கிடந்தது. அவள் குனியவில்லை.

14 அக்டோபர்

காலையிலிருந்து மழை. கிண்டியிலிருந்து ஒரு லாரி இன்ஜின் வந்திருக்கிறது. நான் போவதற்குள் பாய் நாசிலைக் கழற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். ஓடினேன். அவர் விரல் அங்கே இல்லை. முன்னால் ஒரு பேப்பர்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"பேப்பர் ஏது பாய்?"

"அந்தம்மாதான். தெனம் ஒண்ணு வெச்சுட்டுப் போவுது. உனக்குத் தெரியாதா நைனா?"

வாசலில் முத்தம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள்.