அப்பாவின் முன்பல்லும் மூன்று ஆஸ்பத்திரிகளும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் மேல்வரிசை முன்பல் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அதற்கு ஆதாரம் எதுவும் நீ தருவதில்லை. மாடி வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். போன வாரம் நீ அப்பாவிடம், பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு பல் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னாயாம். அதைத் தீர்ப்பு மாதிரி அவர் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். போனில் பேசினால் பக்கத்தில் நின்று எனக்கு முன்னால் பதில் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன்.

வீக்கம் வந்ததும் முதலில் தெருமுனை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம்தான், ஆனாலும் சீக்கிரம் பார்த்தார்கள். எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன், அவர் மழுப்பவில்லை. "பல்லைக் குடையற மெஷின் ரிப்பேர்ம்மா. என் கையில இருக்கறது குறடு, அதால பிடுங்கத்தான் முடியும்." அவர் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் உன் அப்பாவை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேன். அடுத்து அவருடைய அலுவலக ஊழியர்களுக்கான மருத்துவமனை. அங்கே ஏசி, முன்பதிவு, பல் துலக்குவது எப்படி என்று சுவரெல்லாம் படம். சுத்தம் செய்வார்கள், சின்னச் சொத்தையை அடைப்பார்கள், அதைத் தாண்டினால் மேலிடத்து அனுமதி வேண்டுமாம், வலி மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். எந்த அறையில் எந்தக் கருவி வேலை செய்கிறதோ அதற்குத் தகுந்த வைத்தியம்தான் நடக்கிறது என்றேன். நீ பல் காட்ட வந்தாயா பட்டம் வாங்க வந்தாயா என்று உன் அப்பா நக்கலடித்தார்.

விடாமல் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகள் படிக்க என் வாய்தான் கிடைத்ததா என்று வழியெல்லாம் புலம்பல். காலையில் போனால் மதியம் தாண்டித்தான் திரும்ப முடிகிறது, ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் உன்னைவிடச் சின்னப் பெண், கடைசி வருட மாணவி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். குமாஸ்தா என்றார். மாலையில் பேண்டு குழுவில் கிளாரினெட் வாசிப்பதை அவர் எந்த இடத்திலும் சொல்வதில்லை, அது வேலைக் கணக்கில் வராதாம். நான் சொன்னேன். வாத்தியத்தின் வாய் ஊன்றுவதே அந்தப் பல்லில்தான். அவள் போய் ஆசிரியரை அழைத்து வந்தாள். வீக்கம் வடிந்தபின் வாத்தியத்தோடு வரச் சொல்லி, நாற்காலியிலேயே வாசிக்க வைத்து, எங்கே அழுந்துகிறது என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் வாயில் பஞ்சோடு தலையாட்டினார். கட்டிய பல் இந்த அழுத்தத்துக்குத் தாங்குவது சந்தேகம், வேரைச் சுத்தம் செய்து இதையே காப்பாற்றப் பார்ப்போம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார் ஆசிரியர். உறுதி சொல்லாததால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இப்போது வேரைத் திறந்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்திருக்கிறார்கள். வலி நின்றுவிட்டது, வந்த வினையே அதுதான். இனி எதற்கு அலைச்சல், மறுபடி வலித்தால் பிடுங்கிவிடலாம், மகளே சொல்லிவிட்டாள் என்கிறார். பாதியில் விட்டால் உள்ளே சீழ் பிடிக்கும், அப்புறம் குறடுதான். வாத்தியத்தைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். இனி வாசிக்க முடியாதோ என்ற பயத்தில், தானே விட்டுவிட்டதாகக் காட்டிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார், நானும் கேட்கப்போவதில்லை. மீதி வேலைக்கு வியாழக்கிழமை கல்லூரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், லீவு போட்டாயிற்று. அழைத்துப் போவேன், வராவிட்டால் இழுத்துப் போவேன். என் பேச்சைக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது, உன் பேச்சுக்குத்தான் மசிவார். தெரியாமல் சொல்லிவிட்டேன் அப்பா, போய் முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல், போதும்.

உடம்பும் மனசும் தெம்பாக இருந்து நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். புதன் மாலையே கூப்பிடு, மறந்துவிடாதே. பல்லைப் பற்றி மட்டும் பேசு. கிளாரினெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, அதை அவரே இறக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா