வீடுகள் வராத படம்

மார்ச் 4, திங்கள்

டூஃபி அக்காவின் கணினிமேல் போர்த்தியிருந்த துணியில் பூக்கள் தலைகீழாக இருந்தன. காலையில் ஆபீஸில் தூசி துடைக்கும்போது கவனித்தேன். வெள்ளிக்கிழமை அவர் போர்த்திவிட்டுப் போனபோது நேராகத்தான் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். கணினி சூடாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீ ஏன் தொட்டாய் என்பார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

சொல்லாததுதான் தப்பாகிவிட்டது. கணக்கு பார்க்கும் டூஃபி அக்காவே கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏய் செர்வா, ஆபீஸ் சாவி உன்கிட்டதானே இருக்கு? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம என் மெஷின்ல உக்காந்து யாருக்குக் காதல் கடுதாசி அடிச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். வாய் திறக்காதவளைத்தானே திருடி என்று நினைப்பார்கள்?

பெம்பா அண்ணன்தான் காப்பாற்றினார். இனிமேல் கட்டப்போகிற வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் காட்டுவது அவர் வேலை. "அவள விடுங்கக்கா, எங்கிட்டயும் ஒரு சாவி இருக்கு, உங்க மெஷின நான்தான் எடுத்தேன். ஒரு நிமிஷம் ஓடுற படத்துக்கு ஆயிரத்துக்கு மேல தனித்தனிப் படம் வேணும். என் மெஷின் மட்டும் செஞ்சா ஈஸ்டரே வந்துடும். சாவு வீட்டுச் சமையல் மாதிரி, தெருவுல இருக்கிற அடுப்பெல்லாம் எரிஞ்சாத்தான் பந்தி நடக்கும். அதான் ஏழு மெஷினையும் ஒயர்ல கோத்துட்டேன். ஆளுக்குக் கொஞ்சம்."

"என் அடுப்புல எரியறது என் கணக்கு. உன் சாவுச் சோத்துக்கு நான் விறகு வைக்கல," என்றார் அக்கா. ஆனாலும் சம்மதித்துவிட்டார்.

நாளை விடுமுறை என்பதால் ஏழும் நாள் முழுக்க ஓடும். யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஒன்று மட்டும் புரியவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்களே, அண்ணன் ஏன் சொல்லாமல் எடுத்தார்? பிறகு தனியாக என்னிடம் சொன்னார்: "சனிக்கிழமை வரைக்கும் வெளிய பேசாத தங்கச்சி. மனை விக்கிற கம்பெனி ரகசியமா வைக்கச் சொல்லியிருக்கு."

வீடு கட்டுவதில் என்ன ரகசியம்?

மார்ச் 6, புதன்

எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் கொட்டடித்து அணிவகுத்துப் போனார்கள். நான் நின்றுவிட்ட பள்ளியின் சீருடையும் அதில் இருந்தது. உள்ளே ஏழு கணினிகள் ஆளில்லாமல் வேலை செய்கின்றன. நான் காவல். எதற்குக் காவல்?

மார்ச் 7, வியாழன்

வந்திருக்கும் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கெட்டதைப் பொறுக்கச் சொன்னார் அண்ணன். வெள்ளை வீடுகள், புல்தரை, நீச்சல் குளம், எல்லாம் வானத்திலிருந்து பார்ப்பதுபோல. 'தங்கக்குன்று நகர்' என்று பெயர். அழகாகத்தான் இருந்தது.

டூஃபி அக்காவின் கணினியிலிருந்து வந்தவற்றில் மட்டும் ஒரு வீடும் இல்லை. வெறும் தரை.

அண்ணன் சிரித்தார். "வீட்டையெல்லாம் நான் என் மெஷின்லயே வச்சுட்டேன். அது எங்க இருக்குன்னு அந்த மெஷினுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டேன். ட்ரோன் பறந்து எடுத்த தரை மட்டும் வந்திருக்கு. அழிச்சிடு, திரும்ப ஓட்டிக்கலாம்."

"பாத்தியா? இந்த ஆபீஸ்ல என் மெஷினுக்குத்தான் பொய் சொல்லத் தெரியல," என்றார் அக்கா.

அழித்துக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது.

ஒரு நீலப் பீப்பாய். மூடிக்குப் பதிலாக அதன்மேல் டயர். பக்கத்தில் தகரக் கொட்டகை — மூன்று தகடு புதுசு, மற்றதெல்லாம் துரு. மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு புள்ளி. பெரிதாக்கினேன். தலைத்துணி. குனிந்த முதுகு.

அம்மா.

எங்கள் கொல்லை. அம்மா களை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கே தெரியாது.

சொன்னபடி எல்லாவற்றையும் அழித்தேன். ஒன்றை மட்டும் என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன்.

மார்ச் 8, வெள்ளி

அம்மாவுக்குப் போன் செய்தேன். "நம்ம கொல்லை மேல ஏதாச்சும் பறந்துச்சாம்மா?"

"ஆமாடி, போன மாசம். தேனீக் கூட்டம் மாதிரி ஒரே இரைச்சல். உன் மாமாதான் கூட்டிட்டு வந்தான். கொசு மருந்து அடிக்க அளவெடுக்கிறாங்களாம். பாவம், வெயில்ல நின்னாங்க, வாழைக்காய் சுட்டுக் குடுத்தேன்."

மாமா.

அந்த நிலம் அம்மாவின் தாய்வழிக் குடும்பத்து நிலம். அம்மாவோடு பிறந்த மாமாதான் குடும்பத் தலைவர். ஆனால் கூடப் பிறந்தவர்களைக் கேட்காமல் விற்க அவருக்கு உரிமை இல்லை. இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். 'வாய் திறக்காத பிள்ளை, எங்கேயாவது பிழைக்கட்டும்' என்று கிறிஸ்துமஸுக்கு வந்து சொன்னார். அம்மா அழுதாள், நன்றியில். அன்றைக்கே தெரிந்துதான் செய்தாரா? என் சம்பளம் அம்மாவின் வாய்க்குப் பூட்டா?

அவருக்கும் போன் செய்தேன். "மாமா, தங்கக்குன்று நகர் எங்க வருது?"

"யாரு கேக்கச் சொன்னா?"

"யாருமில்ல."

"டீ போடுற வேலைதானே? டீயப் பாரு. நீ நல்லா இருக்கணும்னுதானே அங்க விட்டேன்? ம்?"

எங்கே வருகிறது என்று கடைசிவரை சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

ஓட்டல் மாடியில், மனை வாங்க வந்தவர்களுக்குப் படம் போட்டார்கள். நான் குளிர்பானம் கொடுத்தேன். முன்வரிசையில் மாமா, புதுத் துணி போர்த்திக்கொண்டு. என் தட்டிலிருந்து ஒரு புட்டி எடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா குனிந்திருந்த இடத்தில் நீச்சல் குளம். எல்லோரும் கை தட்டினார்கள்.

"நீ ஏன் தட்டல?" என்றார் பெம்பா அண்ணன்.

"அது எங்கம்மா கொல்லை அண்ணே." போனைக் காட்டினேன்.

வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "தரையோட போட்டோ குடுத்தாங்க. வீடு வச்சுக் குடுத்தேன். யாரு நிலம்னு நான் கேக்கல, செர்வா." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமை மறுபடி ட்ரோன் விடப் போறாங்க. வாங்குறவங்களுக்கு நேரடியா திரையில காட்டுவாங்களாம்," என்றார்.

இதை ஏன் என்னிடம் சொன்னார்? உண்மையிலேயே தெரியாதா, இல்லை மாமாவிடம் போய்ச் சொல்வாரா? அவரை நம்பலாமா? தெரியவில்லை. திங்கட்கிழமை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

முதல் வேனில் ஊருக்கு வந்துவிட்டேன். படத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டாள்: "இது என் முதுகா? இவ்வளவு வளைஞ்சு போச்சா?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சர்ச்சுக்குக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, கொல்லைக்குப் போகிற துணியைக் கட்டிக்கொண்டு, நிலத்தில் பங்குள்ள பெரியம்மாவைக் கூப்பிடப் போனாள்.

எங்கள் பக்கம் நிலத் தகராறு என்றால் சுவரில் எழுதிவைப்பார்கள். கொல்லைக்குச் சுவர் இல்லை. சுவர் இருந்தாலும், நாளை ட்ரோனில் பார்க்கப்போகிறவர்கள் கீழே இருந்து பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டு ஏணியைக் கொட்டகையில் சாத்தி, சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு கூரைமேல் ஏறினேன். 'இந்த நிலம் விற்பனைக்கு இல்லை' என்று தகரத்தில் எழுதினேன், ஒவ்வொரு எழுத்தும் என் உயரத்துக்கு.