கொப்பரைக்கு அடியில் எரிந்த குப்பை

திருத்தணி
ஞாயிறு காலை

அன்பு மகள் மோனிஷாவுக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க மலைமேல் இருப்பவனை வேண்டிக்கொள்கிறோம். முதலில் என் மானம் போன கதை. குப்பை வண்டி பாஞ்சாலி நம் வாசலில் என் பையைப் பிரித்து, முட்டை ஓட்டோடு கிடந்த டார்ச் பேட்டரியைத் தூக்கிக் காட்டி, இங்கிலாந்துல பொண்ணு நாலு தொட்டியில பிரிச்சுப் போடுதுன்னு தெருவெல்லாம் சொல்லிகினு கீறீங்களே, அதுகிட்டயே கத்துக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டாள். எட்டாவதோடு நின்றவன், அசடு வழிய நின்றேன்.

சிரிப்பு அத்தோடு சரி. உன் அக்காள் வீட்டுக்காரர் சந்திரமோகன் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்புச் சக்கை மழையில் நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. ஆந்திர எல்லைக்கு அப்பால் ஒரு காகித ஆலையில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக்கைச் சும்மா தருகிறார்கள் என்று ஒரு டிராக்டர் நிறைய ஏற்றிவந்து, பாகு காய்ச்சும் கொப்பரைக்கு அடியில் எரித்தார். சும்மாதானே என்று நானும் தலையாட்டினேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாலாம் நாள், அடுப்பில் சக்கை தள்ளும் கௌரியம்மாள் மூச்சு முட்டி விழுந்தாள், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறாள். மூட்டையைக் கிழித்துப் பார்த்தால் ரொட்டி உறை, நாய்த் தீனிப் பை, எல்லாம் நீ இருக்கும் நாட்டுக் குப்பை. லாரி ஓட்டும் பாலமுருகன் சொல்கிறான், துறைமுகத்துச் சீட்டில் பழைய பேப்பர் என்றுதான் இருக்குமாம், உள்ளே இது ஒளிந்து வருமாம், முன்பெல்லாம் வாங்கிய சீனாக்காரன் கதவைச் சாத்தியதும் நம் பக்கம் தள்ளுகிறார்களாம். மாநாடு கூட்டி, பூமி கெடுகிறது என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்களும் அவர்களேதான். போய்க் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு வரும் நம் ஆட்களுக்கும் வெட்கமில்லை. பேட்டரிக்கு என்னைக் கேட்க ஒரு பாஞ்சாலி இருக்கிறாள், அவர்களைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஆத்திரத்தில் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டேன், கொப்பரைப் பாகு அத்தனையும் வீண். மாப்பிள்ளை பேசுவதில்லை, உன் அக்காள் சுஜாதாவும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பரவாயில்லை. நீ உங்கள் வார்டு மெம்பரிடம், அங்கே பிரித்துப் போடுவது கடைசியில் எங்கே போய்ச் சேருகிறதென்று எழுத்தில் கேட்டு வாங்கு, மறந்துவிடாதே. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நல்ல மூச்சோடு நூறு வயசு இரு தாயே.

நேற்று கௌரியம்மாள் மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு, "அது எந்த ஊரு குப்பைங்க நைனா?" என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். அந்த மூட்டையில் ஒரு பையில் நீ குடியிருக்கும் ஊரின் பேர் இருந்தது. என் பொண்ணு ஊருது என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் நைனா,
ஆதிகேசவன்